அடியேன் மைதிலி, வயது இருபத்து நாலு

போன ஞாயிற்றுக்கிழமை காலையில், ஆறாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண்ணுக்கு வரன் வந்தது.

பதறாதீர்கள். கேட்டவர் ரொம்ப நல்ல மனிதர். தப்பு அவர் மேல் துளிக்கூட இல்லை. பின்னே யார் மேல்? அதைத்தான் சொல்ல வந்தேன்...

எனக்கு ஸ்ரீரங்கத்தில் ஒன்றுவிட்ட தம்பிகள் நிறைய. அவர்களில் ஒருவன் — வரதன் என்று வைத்துக்கொள்வோமே. எந்தத் தம்பி என்று கிளறாதீர்கள், காரணம் கடைசியில் வரும். அம்மா மண்டபம் ரோடு பக்கம் ஃப்ளாட். டூவீலர் ஷோரூம் ஒன்றில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறான். மனைவி மாலினி. ஒரே பெண் மைதிலி. வயது பதினொன்று.

மைதிலி பாடுவாள். சும்மா 'பாடுவாள்' என்று சொன்னால் போதாது. பல் தேய்க்கும்போது பாடுவாள். ஷூ லேஸ் கட்டும்போது பாடுவாள். கணக்குப் போடும்போது பாடி மாலினியிடம் திட்டு வாங்குவாள். நான் அந்த வீட்டுக்குப் போனால், மைதிலி இருக்கிறாளா இல்லையா என்பது லிஃப்டில் ஏறும்போதே தெரிந்துவிடும்.

அப்படிப்பட்டவள் ஒரு மாதமாக வாயைத் திறந்து பாடவில்லை.

"தொண்டை கட்டிண்டிருக்கு" என்கிறாளாம். கஷாயம், பனங்கற்கண்டு, மிளகு, அதிமதுரம் — மாலினி ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. பாட்டு கிளாஸிலும் இதே கதை. "அக்கா, குரலே போயிடுமோன்னு பயமா இருக்கு" என்று மாலினி எனக்கு ஃபோன் பண்ணி அழுதாள். தென்னூரில் எங்கள் தெருவிலேயே காது மூக்கு தொண்டை டாக்டர் ஒருவர் இருக்கிறார். கைராசிக்காரர். சனிக்கிழமை சாயந்திரம் கூட்டிக்கொண்டு வரச் சொன்னேன்.

டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். 'ஆ' சொல்லச் சொன்னார். இருமச் சொன்னார். பிறகு குழந்தையை வெளியே உட்கார வைத்துவிட்டு எங்களிடம், "தொண்டையில ஒண்ணுமே இல்லைங்கம்மா. நல்லா பேசுறா, சிரிக்கிறா, போகும்போது ஐஸ்கிரீம் வாங்கித் தருவீங்களான்னு என் முன்னாடியே கேக்குறா. பாட மட்டும் வரலைன்னா நான் எதுக்குன்னு மருந்து எழுதுறது?" என்றார்.

அப்படியானால் என்னதான் ஆச்சு இந்தப் பெண்ணுக்கு? இதைக் கண்டுபிடித்தே தீருவது என்றுதான் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஸ்ரீரங்கம் பஸ் ஏறினேன்.

இங்கே இன்னொரு விஷயமும் சொல்லிவிட வேண்டும். கைலாசபுரம் டவுன்ஷிப்பிலிருந்து ஒரு வாசகர், இரண்டு குழந்தைகளின் அப்பா, வாரம் தவறாமல் எனக்கு ஒரே கேள்வியை அனுப்பிக்கொண்டிருக்கிறார். "மேடம், பிள்ளைங்களுக்கு கம்ப்யூட்டர், சோஷியல் மீடியா இதெல்லாம் எந்த வயசுல குடுக்கலாம்? நீங்க ஒரு முடிவு சொல்லுங்க." நானும் ஒரு வாரம் ஆவக்காய், ஒரு வாரம் காவிரிப் பாலத்து டிராஃபிக் என்று எதையாவது எழுதி நழுவிக்கொண்டிருந்தேன். முடிவு சொல்கிற அளவுக்கு எனக்கு என்ன தெரியும்?

இப்போது தெரியும் சார். கடைசிவரை படியுங்கள்.

வரதன் வீட்டில் நுழைந்ததும் மைதிலி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். ஹாலில் ஒரு பழைய கம்ப்யூட்டர். "அத்தை, எத்தனை புள்ளின்னு சொல்லுங்கோ." ஏழு என்றேன். ஏதோ தட்டினாள். திரையில் ஏழு புள்ளி வரிசையாக வந்து உட்கார்ந்தது. ஒரு கோடு கிளம்பி வளைந்து வளைந்து புள்ளிகளைச் சுற்றிக்கொண்டே போய்... கடைசிப் புள்ளியை விட்டுவிட்டுத் திரைக்கு வெளியே ஓடிப்போனது.

"அச்சச்சோ, வாசலைத் தாண்டி ரோட்டுக்குப் போயிடுத்து!" என்று அவளே சிரித்தாள். நாக்கைத் துருத்திக்கொண்டு எதையோ திருத்தினாள். இரண்டாம் தடவை கோடு சமர்த்தாகத் திரும்பி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தது. சிக்குக் கோலம்! எனக்கு இந்த வயதிலும் கையால் சரியாக வராது.

"யாருடி சொல்லிக்கொடுத்தா?"

"ஸ்கூல்ல கொஞ்சம் அத்தை. மீதி நானே தப்பு தப்பாப் போட்டுக் கத்துண்டேன்."

ஆக, தொண்டையும் சரியாக இருக்கிறது, உற்சாகமும் சரியாக இருக்கிறது. கோலம் வந்த சந்தோஷத்தில் சாதாரணமாக ஒரு பாட்டு கிளம்பியிருக்க வேண்டும். கிளம்பவில்லை.

அந்த ஹாலின் இன்னொரு மூலையில் ஒரு ஸ்டாண்டும் வட்டமாக ஒரு விளக்கும் நின்றன. மைதிலி பாடுவதை வரதன் வீடியோ எடுக்கும் இடம் அது. ஒரு மாதமாக அதற்கு வேலை இல்லாததால் மாலினி அதில் ஈரத்துண்டைக் காயப்போட்டிருந்தாள்.

அந்த ஸ்டாண்டின் கதை போன நவராத்திரியில் ஆரம்பித்தது. கொலுவுக்கு முன்னால் மைதிலி பாடியதை வரதன் ஃபோனில் எடுத்துக் குடும்ப குரூப்பில் போட்டான். குரூப்பே கைதட்டியது. ஒரு சித்தப்பா வரிசையாகக் கும்பிடு போட்டார். "உலகமே கேக்கட்டுமே" என்று வரதனுக்கு ஆசை வந்தது. மைதிலி பேரிலேயே ஒரு அக்கவுண்ட் ஆரம்பித்தான். பிறந்த தேதி கேட்டது. போட்டான். வயசு போதாது என்று சொல்லிவிட்டது.

நம் ஆள் என்ன செய்தான் தெரியுமா? பிறந்த வருஷத்தை விரலால் ஒரு தள்ளு தள்ளினான். அது கிடுகிடுவென்று பின்னால் ஓடி எங்கேயோ போய் நின்றது. நின்ற இடம்தான் மைதிலி பிறந்த வருஷம். பதினொரு வயசுப் பெண்ணுக்கு ஒரே நொடியில் இருபத்து நாலு! அக்கவுண்டிலும் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி அதுவே நின்றது.

பொய் சொல்லிவிட்டோம் என்று அந்த வீட்டில் யாருக்காவது உறைத்ததா? "எல்லாரும் பண்றதுதான், அது ஒரு ஃபார்மாலிட்டி அக்கா" என்றான் என்னிடம். பஸ்ஸில் அரை டிக்கெட்டுக்காகக்கூடப் பெண்ணின் வயசைக் குறைத்துச் சொல்லாதவன் அவன்.

ஒவ்வொரு வீடியோவையும் மைதிலி "அடியேன் மைதிலி" என்று கைகூப்பித்தான் ஆரம்பிப்பாள். எங்கள் வைஷ்ணவக் குடும்பங்களில் பெரியவர்கள் முன்னால் 'நான்' என்று சொல்லாமல் 'அடியேன்' என்று பணிவாகச் சொல்கிற வழக்கம் உண்டு. மைதிலி வாயில் அது புதுசு. வரதன் சொல்லிக்கொடுத்தது. "கேக்கறவாளுக்குப் பிடிக்கும்" என்றானாம். பிடித்தது. ஆயிரக்கணக்கில் பார்த்தார்கள்.

பிறகு அவளுடைய நட்சத்திரப் பிறந்தநாள் வந்தது. மாலினி பட்டுப்புடவை கட்டிவிட்டு, ஜிமிக்கி, நெற்றிச்சுட்டி எல்லாம் போட்டுவிட்டாள். ஃபோன் தன் பங்குக்குக் கன்னத்தைப் பளபளப்பாக்கிக் கண்ணுக்கு மை தீட்டியது. படத்துக்குக் கீழே வரதன் எழுதினான்: 'இன்று எங்கள் மைதிலிக்குத் திருநட்சத்திரம். ரேவதி. இன்ன கோத்திரம். பெரியவர்கள் ஆசீர்வதிக்கவும்.' அதோடு நிறுத்தினானா? சபாக்காரர்கள் யாராவது கச்சேரிக்குக் கூப்பிடுவார்கள் என்று தன் ஃபோன் நம்பரையும் சேர்த்தான்.

நீங்களே சொல்லுங்கள். ஒரு பெண்ணின் போட்டோ, நட்சத்திரம், கோத்திரம், அப்பாவின் ஃபோன் நம்பர் — இத்தனையையும் நம் ஊரில் எப்போது ஒரே இடத்தில் எழுதுவார்கள்?

அதேதான். ஞாயிற்றுக்கிழமை நான் காபி குடித்துக்கொண்டிருந்தபோது ஃபோன் வந்தது.

"நமஸ்காரம், கும்பகோணத்துலேர்ந்து பேசறேன். மைதிலியோட தோப்பனாரா?"

"ஆமா மாமா, சொல்லுங்கோ."

"உங்க குழந்தை பாட்டைக் கேட்டோம். எங்காத்துல எல்லாருக்கும் ரொம்பப் பிடிச்சுப் போயிடுத்து."

வரதன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! உடனே ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, 'கச்சேரி, கச்சேரி' என்று எங்களுக்கு ஜாடை காட்டினான்.

"நட்சத்திரமும் பார்த்தேன். ரேவதி. பேஷாப் பொருந்தறது. கோத்திரமும் வேற வேறதான். பையன் பெங்களூர்ல ஐடி கம்பெனியில இருக்கான். எங்களுக்கு எந்த எதிர்பார்ப்பும் கிடையாது. ஜாதகத்தை அனுப்பட்டுமா?"

வரதன் கை அப்படியே நின்றுவிட்டது. "மாமா... யாருக்கு?"

"உங்க மைதிலிக்குத்தான்."

"மாமா, அவ ஆறாங்கிளாஸ்!"

"ஆறாங்கிளாஸ் எடுக்கறாளா? டீச்சரா? ரொம்ப சந்தோஷம்! எங்காத்து மாமிக்கு டீச்சர் பொண்ணுன்னா கொள்ளை இஷ்டம்."

"எடுக்கலை மாமா! படிக்கறா! பதினோரு வயசு!"

"அதுல இருபத்தி நாலுன்னு போட்டிருக்கே?"

"அது... சும்மா போட்டது மாமா."

சும்மாவா? பெரியவருக்குப் பிடிபடவில்லை. நம் ஊர்ப் பெரியவர்கள் பிடிபடாவிட்டால் என்ன செய்வார்கள்? உறவு விசாரிப்பார்கள். நீ யாராத்துப் பிள்ளை, மாலினி எந்த ஊர், கல்யாணம் எங்கே நடந்தது... "அட, அந்தக் கல்யாணத்துக்கு நானே வந்திருக்கேனே! ரசம்கூடப் பிரமாதமா இருந்ததே" என்றார். பிறகு கொஞ்ச நேரம் மனசுக்குள் ஏதோ கூட்டினார், கழித்தார். குரல் இறங்கியது. "ஏம்ப்பா... கல்யாணம் ஆகிப் பதிமூணு வருஷம்தானே இருக்கும்? பொண்ணுக்கு இருபத்தி நாலுன்னா... கணக்கு உதைக்கறதே?"

அக்கவுண்ட்ஸ் பார்க்கிறவன் வீட்டில் கணக்கு உதைத்தது! வரதன் தலையில் கை வைத்துக்கொண்டு வருஷத்தைத் தள்ளிய கதையை முழுக்கச் சொன்னான். பாவம், அவர்தான் துடித்துப் போனார். "அபசாரம், அபசாரம். பச்சைக் குழந்தைக்குப் போய்... நன்னா படிக்கச் சொல்லுப்பா" என்று வைத்துவிட்டார்.

நாங்கள் சிரித்தோம். மாலினிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தது நான்தான்.

சிரிக்காமல் நின்றவள் மைதிலி. கையில் கஷாய டம்ளரோடு கம்ப்யூட்டர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். ஸ்பீக்கரில் போட்டது எல்லாம் அவள் காதிலும்தானே விழுந்திருக்கும்? அது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

"அந்த மாமாக்கு என்னைத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியாதுடி கண்ணா" என்றாள் மாலினி.

"எனக்கும் அவரைத் தெரியாது. என் நட்சத்திரம் எப்படித் தெரியும்? அப்பா கல்யாணம் வரைக்கும் எப்படித் தெரியும்?"

டம்ளரை மேஜை மேல் வைத்தாள். "எனக்கு இது வேண்டாம். தொண்டை நன்னாத்தான் இருக்கு" என்றாள்.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. பள்ளிக்கூடத்தில் அவளுக்கு இப்போது பெயர் மைதிலி இல்லையாம். 'அடியேன்'! ஏய் அடியேன், பென்சில் குடு. அடியேன் வந்தாச்சு, எல்லாரும் கைகூப்புங்க. வேனில் ஏறினால் போதுமாம், பசங்கள் எல்லாரும் மூக்கால் பாடுவார்களாம். பணிவுக்கு வைத்த வார்த்தை, அவள் முதுகில் ஒட்டிய ஸ்டிக்கர் ஆகிவிட்டது.

"அதை நீ சொல்லியிருக்கலாமே?" என்றான் வரதன்.

"சொன்னா நீங்க வருத்தப்படுவேள்னுதான்..." என்று இழுத்தாள். அப்புறம்தான் அந்த வார்த்தையைச் சொன்னாள். "முன்னெல்லாம் பாடி முடிச்சா அப்பா என்னைப் பார்ப்பா. இப்போ ஃபோனைப் பார்க்கறா."

வரதன் ஃபோனைக் கவிழ்த்து வைத்தான். டாக்டரின் டார்ச்சுக்கு அகப்படாத வியாதி இதுதான்.

வரதனும் லேசில் ஒப்புக்கொள்ளவில்லை. "அவளுக்காகத்தானே அக்கா பண்ணினேன்? எங்கேயோ இருக்கற ஒரு மாமி இவ பாட்டைக் கேட்டுட்டுத்தான் தூங்கறேன்னு எழுதறா. திறமையை ஆத்துக்குள்ளயே பூட்டி வைக்கணுமா? இந்தக் காலத்துல கம்ப்யூட்டர் வேண்டாம், ஃபோன் வேண்டாம்னா பொழைக்க முடியுமா?"

"கம்ப்யூட்டர் வேண்டாம்னு யாருடா சொன்னா?" என்றேன். "அதோ, அதுல உன் பொண்ணு கோலம் போடறா. தப்பாப் போனா அவளே சிரிச்சுண்டு அவளே திருத்தறா. நாலு பேர் முன்னாடி மானம் போகலை. அது அவ கையில இருக்கு. இது அப்படியா? தேர் அன்னிக்குச் சித்திரை வீதியில எவ்வளவு கூட்டம்! அது நடுவுல இவளை நிறுத்தி, பேர், நட்சத்திரம், ஃபோன் நம்பர் எழுதின அட்டையைக் கழுத்துல மாட்டிட்டு, நீ பாட்டுக்கு ஆத்துக்கு வந்து படுத்துப்பியா?"

"அதெப்படி..."

"அதைத்தான் பண்ணியிருக்கே. கும்பகோணத்து மாமா நல்லவர். முறையா ஃபோன் பண்ணிக் கேட்டார். கேக்காம பார்த்துண்டிருக்கறவா எத்தனை பேர்? அவா யாருன்னு உனக்குத் தெரியுமா?"

மாலினி சட்டென்று நிமிர்ந்தாள். அந்தப் பட்டுப்புடவைப் படம் அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். "மூடிடுங்கோ. இப்போவே மூடிடுங்கோ" என்றாள் கணவனிடம்.

மூடுவது ஒன்றும் சுலபமாக இல்லை. திறக்கும்போது ஒரு பொய்யோடு உள்ளே விட்ட அந்த ஆப், மூடும்போது போலீஸ் ஸ்டேஷன் மாதிரி கேள்வி கேட்டது. ஏன் விலகுகிறீர்கள்? விளம்பரம் அதிகமா? நேரம் போதவில்லையா? 'எனக்குப் பதினொரு வயசுதான்' என்ற பதில் அந்த வரிசையிலேயே இல்லை. கடைசியில், இது உங்கள் அக்கவுண்ட்தானா, நிச்சயமாக மூட வேண்டுமா என்று கேட்டது.

வரதன் ஃபோனை மைதிலியிடம் நீட்டினான். "நீயே அமுக்கு. உன்னோடதுதானே."

அவள் கையை நீட்டவில்லை. "உங்களோடதுப்பா. நான் ஆரம்பிக்கவே இல்லையே?"

கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்தாள். வரதன் கெட்ட அப்பா இல்லை. பெண் மேல் உயிரையே வைத்திருப்பவன். அவன் முகம் வாடியதைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. அவனே அமுக்கினான்.

கைலாசபுரம் சார், இருக்கிறீர்களா? நீங்கள் கேட்ட முடிவு இதோ.

கம்ப்யூட்டரா? கொடுங்கள். இன்றைக்கே கொடுங்கள். எல்லோரும் நடமாடுகிற ஹாலில் வையுங்கள். குழந்தை அதில் எதையாவது செய்யட்டும், கெடுக்கட்டும், திரும்பச் செய்யட்டும். சோஷியல் மீடியாவா? நிஜமான பிறந்த வருஷத்தைப் போட்டு உள்ளே போகிற வயசு வரட்டும். வந்த பிறகும் பக்கத்தில் இருங்கள். வயசைத் தள்ளித்தான் நுழைய முடியும் என்றால், குழந்தைக்கு இன்டர்நெட்டில் நாம் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடமே பொய்தான். அப்புறம் அது நம்மிடம் உண்மை பேசவில்லை என்று எந்த முகத்தோடு கோபித்துக்கொள்வது?

இன்னொன்றும் உண்டு. குழந்தைக்கு எந்த வயசில் ஃபோன் கொடுக்கலாம் என்று எல்லோரும் கேட்கிறீர்கள். குழந்தை பிறந்ததும் முதலில் அப்பா அம்மாவிடமிருந்து அதை வாங்கிவைக்க ஒருத்தரும் யோசிப்பதில்லை!

வியாழக்கிழமை சாயந்திரம், கொஞ்சம் ஆவக்காய் கொடுக்கிற சாக்கில் மறுபடியும் ஸ்ரீரங்கம் போனேன். லிஃப்டில் ஏறிக் கதவைச் சாத்தினேன். கேட்டது.

ஷட்டில் கிளாஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். வாசலில் உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டே பாடிக்கொண்டிருந்தாள். பாதி வார்த்தைகள் மறந்து போய் 'தானே தானே' என்று நிரப்பிக்கொண்டிருந்தாள். பின்னால் வரதன் நின்றான். அவன் கை சட்டைப் பைக்குப் போனது. ஃபோன் பாதி வெளியே வந்தது... அவனே அதைத் திரும்ப உள்ளே தள்ளினான். மைதிலி முடிச்சுப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். அப்பா அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஆவக்காய் பாட்டிலோடு நின்றபடியே அழுதுவிட்டேன்.

அன்றைக்கு ஷட்டில் கிளாஸ் வரை அவளோடு நடந்து போனேன். இதையெல்லாம் எழுதினால் என்ன என்று எனக்குக் கை பரபரத்தது. எழுதினால் நானும் அவளை நாலு பேர் முன்னால் நிறுத்துவதுதானே? ஆகவே வரதனிடம் கேட்கவில்லை, மாலினியிடமும் கேட்கவில்லை. அவளிடமே கேட்டேன்.

ராக்கெட்டைச் சுழற்றிக்கொண்டே யோசித்தாள். "பேரை மாத்திடுவேளா?"

"மாத்திடறேன்."

"நட்சத்திரம்?"

"அதையும் மாத்திடறேன்."

"அப்போ எழுதுங்கோ" என்று ஓடினாள். கேட் வரைக்கும் போனவள், என்ன தோன்றியதோ, திரும்பி வந்தாள்.

"அத்தை, வயசை மட்டும் மாத்தாதீங்கோ. பதினொண்ணுதான்!"